1000 அடி எங்கிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய ரக விமானங்கள் வீடுகளுக்கு மேல் தாழ்வாகப் பறப்பதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைச் சென்ற ஞாயிறு பதிப்பில் படித்தேன். 1000 அடிக்குக் கீழே வரக்கூடாது என்று அவர் எழுதியது சரிதான். ஆனால் அந்த 1000 அடியை எங்கிருந்து அளப்பது என்பதை அவர் சொல்லவில்லை. பினாங்கைப் பொறுத்தவரை சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

என் மகன் விமானம் ஓட்டக் கற்ற காலத்தில் அவனுடைய பாடப்புத்தகங்களை நானும் உடன் உட்கார்ந்து படித்திருக்கிறேன். பன்னாட்டு அளவில் வகுக்கப்பட்டு நம் நாட்டிலும் பின்பற்றப்படும் விதி இது: கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானம் நகரங்கள், குடியிருப்புகள், திறந்தவெளியில் மக்கள் திரண்டிருக்கும் இடங்கள் ஆகியவற்றுக்கு மேல் செல்லும்போது, தன்னைச் சுற்றி 600 மீட்டருக்குள் எது மிக உயரமாக நிற்கிறதோ அதன் உச்சியிலிருந்து 300 மீட்டர், அதாவது 1000 அடி, மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தரைக்கோ நீருக்கோ மேல் 500 அடி. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இதில் விலக்கு உண்டு என்பதால், பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு விமான நிலைய ஓடுபாதையை ஒட்டி வசிப்பவர்கள் இதைக் காட்டிப் புகார் செய்ய இயலாது.

விமானியின் எதிரே இருக்கும் உயரமானியோ பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்துதான் கணக்குச் சொல்கிறது. கொம்தார் கட்டடம் ஏறத்தாழ 250 மீட்டர் உயரம்; அதன் அருகே செல்பவருடைய உயரமானி 1800 அடிக்கு மேல் காட்டினால்தான் விதி காக்கப்பட்டதாகும். கொடிமலையின் உயரம் 833 மீட்டர். மலையடிவாரத்தில் முப்பது மாடி எழுப்பியிருக்கும் எங்கள் பாயா தெருபோங் பகுதிக்கு மேல், முள் 1000த்தில் நிற்கிறதே என்று நிம்மதியாக வருபவர் எங்கள் கூரைகளை ஒட்டித்தான் வருகிறார்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலை, பதினேழாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. அந்த மேகத்துக்கும் கட்டடங்களுக்கும் இடையில் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று நுழைந்து சென்றது. இறக்கையின் அடியில் இருந்த பதிவெழுத்துகளைக் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. கையில் இருந்த கழி அதிர்ந்தது. மேகம் தாழ்ந்ததால் அவரும் தாழ்ந்தார் என்பது புரிகிறது. ஆனால் அப்படிப்பட்ட நாளில் மலையையும் வீடுகளையும் விட்டு விலகிக் கடலோரமாகப் போயிருக்க வேண்டும்.

விதியில் இன்னொரு வரி உண்டு. எண் எதுவும் இல்லாததால் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். அவசரம் நேர்ந்தால், கீழே இருப்பவர்களுக்கும் உடைமைகளுக்கும் ஆபத்து விளைவிக்காமல் தரையிறங்கக்கூடிய உயரத்தில்தான் நெருக்கமான பகுதிக்கு மேல் பறக்க வேண்டும் என்கிறது அது. செஸ்னா 172 போன்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானம் எஞ்சின் நின்ற பிறகு 1000 அடி இறங்குவதற்குள் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக மிதந்து செல்லும். அதற்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெலுத்தோங் கடற்கரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கட்டடங்களின் உயரத்தைச் சேர்த்துக்கொண்டாலும் கடல் எட்டாது. இடையில் இருப்பவை பள்ளிகளும் சந்தைகளும் வீடுகளுமே. ஆகவே இங்கே 1000 அடி போதாது, 2000 அடியாவது வேண்டும் என்று அந்த வரியைப் படிக்கும் எந்த விமானிக்கும் தெரிய வேண்டும்.

சிறிய விமானங்களையே தடை செய்ய வேண்டும் என்ற அந்த வாசகரின் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. நம் பிள்ளைகள் பலர் விமானிகளாவதற்கு அவைதான் முதல் படி. நான் கேட்பது, பயிற்றுநர்கள் பினாங்குத் தீவின் ஒவ்வொரு பகுதிக்கும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி வேண்டும் என்று வரைபடத்தில் குறித்து மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதே. புகார் செய்வோரும் நேரம், திசை, பதிவெழுத்து ஆகியவற்றோடு, அருகில் இருந்த கட்டடம் எது என்பதையும் குறித்து மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பினால்தான் அவர்களால் உயரத்தைக் கணக்கிட முடியும்.

தைப்பூசம் அன்று தண்ணீர்மலையின் 513 படிகளிலும் அடிவாரத்திலும் நிற்கும் கூட்டமும் விதி சொல்லும் திறந்தவெளிக் கூட்டம்தான். படம் எடுக்கும் டிரோன்கள் 400 அடி வரை ஏற அனுமதி உண்டு என்பதால், தாழ்ந்து வரும் விமானத்துக்கு அங்கே ஆபத்து கூடுதல். மலைக்கோயிலின் உச்சியிலிருந்து கணக்கிட்டு, அன்றைக்கான குறைந்தபட்ச உயரத்தை ஆணையம் விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பாயா தெருபோங், பினாங்கு