பச்சை டிக்கை நம்பியவர்கள் சார்பில் ஒரு திறந்த மடல்

எங்கள் குறிப்புகளை மேகச் சேமிப்பகத்தில் காத்துத் தரும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தம் ஒன்றின்போது எங்கள் டேப்லெட்டில் நேர்ந்தது என்ன என்பது புகார் எண்ணோடு உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அந்தப் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று குறித்து மூடியும் விட்டது. தீராத ஒன்றை மூடியிருக்கிறீர்கள் என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நாங்கள் கும்பகோணத்தில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் குடும்பம். அண்ணன் டேப்லெட்டோடு மண்டபத்தில் இருப்பார்; நான் வீட்டிலிருந்து கைப்பேசியைப் பார்த்து மளிகைக்கும் காய்கறிக்கும் சொல்லிவிடுவேன். இரண்டிலும் ஒரே குறிப்பேடு தெரியும் என்று சொல்லித்தான் எங்களிடம் மாதச் சந்தா வாங்குகிறீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், காலை டிபனுக்கு இலையைக் கூட்டிப் போடும்படி பெண் வீட்டார் சொன்னதை அண்ணன் அப்போதே டேப்லெட்டில் ஏற்றினார். 'ஒத்திசைவு முடிந்தது' என்ற வாசகமும் பச்சை டிக்கும் திரையில் தெரிந்தன. என் கைப்பேசிக்கு அந்த எண்ணிக்கை வரவே இல்லை. விளைவு, இரண்டாம் பந்தியில் இட்லி தீர்ந்துபோய் அவசரமாக ரவா உப்புமா கிளறிச் சமாளித்தோம். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. இந்தத் தொழிலில் அது புதிதல்ல.

பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. உங்கள் சேவைப் பிரிவை அழைத்தபோது, மறுமுனையில் இருந்தவர் மிகுந்த பணிவோடு, டேப்லெட்டில் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார். அவ்வாறே செய்தோம். அண்ணன் சில வாரங்களாக எழுதி வந்த எதுவும் உங்கள் சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதும், அவை இருந்த ஒரே இடம் அந்த டேப்லெட்தான் என்பதும், செயலியை நீக்கியபோது அவையும் கூடவே அழிந்துவிட்டன என்பதும் அப்போதுதான் தெரியவந்தன. அடுத்தடுத்த முகூர்த்தங்களுக்கு வாங்கியிருந்த முன்பணக் கணக்கும் அதில்தான் இருந்தது.

பிறகென்ன, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தீங்கன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்று கேட்க வேண்டியதாயிற்று. ரசீதைவிட வாய்ச்சொல்லை நம்பி நடக்கும் தொழில் எங்களுடையது. பலர் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும், "நீங்க எவ்வளவுன்னு எழுதி வெச்சிருக்கீங்க? அதை மொதல்ல சொல்லுங்க தம்பி" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. அண்ணனிடம்தான் பதில் இல்லை. பணம் வாங்கியவனே கொடுத்தவரிடம் தொகையைக் கேட்டு நிற்கும் அந்த இக்கட்டை உங்கள் புகார்ப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

மின்கலத்தைச் சேமிப்பதற்காக இயங்குதளமே செயலிகளின் பின்னணி வேலையை நிறுத்திவைக்கும் என்று உங்கள் மின்னஞ்சல் விளக்குகிறது. 2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. அது போதாதென்று சில கருவித் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கும் கட்டுப்பாடுகளைச் சேர்க்கிறார்கள். மண்டபத்துச் சமையற்கட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதையும் நாங்கள் அறிவோம். இத்தனையும் தெரிந்துதானே நீங்களும் செயலியை எழுதியிருப்பீர்கள்? போய்ச் சேரத் தாமதமாகட்டும், பொறுத்துக்கொள்கிறோம். போய்ச் சேராததைச் சேர்ந்துவிட்டதாகக் காட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

இது செய்ய முடியாத காரியமும் அல்ல. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கைப்பேசியை விட்டுப் போகாதவரை சிறிய கடிகாரக் குறி நிற்கிறது. சர்வரை எட்டிய பிறகே முதல் டிக் விழுகிறது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படத்துக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, சந்தா கட்டுகிறவரின் கணக்குப் புத்தகத்துக்குக் கிடைக்கக் கூடாதா? ஒரே கோப்பை இரண்டு கருவிகளில் மாற்றினால், உங்களைப் போலவே கோப்புகளைக் காத்துத் தரும் டிராப்பாக்ஸ் என்னும் சேவை பல ஆண்டுகளாகவே இரண்டு வடிவங்களையும் தனித்தனியாக வைத்துவிட்டு, முடிவை உரியவரிடம் விட்டுவிடுகிறது. உங்கள் செயலியோ சர்வரில் இருக்கும் பழையதை எடுத்து வைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருந்துவிடுகிறது.

ஆனால் எல்லா விஷயத்திலும் அது அப்படி இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சேமிப்பிடம் நிரம்பப்போகிறது, கூடுதல் இடம் வாங்குங்கள் என்னும் அறிவிப்பு மட்டும் எந்தச் சிக்னலிலும் எந்த மின்கலச் சிக்கன நிலையிலும் தவறாமல் வந்துவிடுகிறது. அந்த அறிவிப்பை எழுதிய பொறியாளரை ஒத்திசைவுப் பிரிவுக்கு மாற்றினாலே பாதிப் புகார்கள் குறைந்துவிடும் என்று தோன்றுகிறது. கேலியாகப் படுமானால் பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததை முறையாகவே கேட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் அது கடைசியாகச் சர்வரைச் சென்றடைந்த தேதியையும் நேரத்தையும் காட்டுங்கள். சர்வர் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்யும்வரை பச்சை டிக்கைப் போடாதீர்கள். ஏற்றப்படாத மாற்றங்கள் கருவியில் இருக்கும்போது ஒருவர் கணக்கிலிருந்து வெளியேற முயன்றால், எவையெல்லாம் அழியும் என்று பெயர் சொல்லி எச்சரியுங்கள். எங்கள் குறிப்புகளில் ஏதேனும் ஒரு பகுதியாவது உங்கள் சர்வரில் எஞ்சியிருக்கிறதா என்பதையும் தேடிப் பார்த்து, இருந்தால் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இவற்றில் சிலவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால், ஏற்றப்படாதவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டீர்களா என்று கேட்காமல் செயலியை நீக்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துவதற்குச் செயலியின் புதிய பதிப்பு எதுவும் வேண்டாம். சேவைப் பிரிவினர் பார்த்துப் படிக்கும் குறிப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அதை இன்றே சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர்
கும்பகோணம்