வாலில்லாமல் ஒரு சிறகு

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் விடாதே. சொன்னால் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

நான் செய்த குட்டி விமானத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "வால் இல்லாம இது எப்படிடா நேராப் பறக்கும்?" என்று கேட்டிருந்தாய். இப்போதெல்லாம் என் மண்டைக்குள் ஓடுவதே அதுதான்.

சாதாரண விமானத்தில் மூக்கு கவிழாமல் பார்த்துக்கொள்வது வாலில் இருக்கும் சின்னச் சிறகு. வாலே இல்லாமல் வெறும் சிறகாகவே இருக்கும் இந்தப் பறக்கும் சிறகில் அந்த வேலையையும் பெரிய சிறகே செய்தாக வேண்டும். அதற்காகச் சிறகைப் பின்பக்கமாகச் சாய்க்கிறோம். நுனிகள் எடைமையத்துக்கு, அதாவது விரலில் தாங்கினால் விமானம் சரியாமல் நிற்கும் இடத்துக்கு, பின்னால் போய்விடும். அந்த நுனிகளின் முன்விளிம்பு லேசாகத் தாழும்படி முறுக்கிவிட்டால், அங்கே தூக்குவிசை குறைந்து, வாலின் வேலையை நுனி எடுத்துக்கொள்ளும். என்னுடையதில் சாய்வு 25 டிகிரி, முறுக்கு 2 டிகிரி. பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக, மேலும் கீழும் அசையும் மடல்கள், இரண்டு எலிவான். இரண்டும் சேர்ந்து மேலே போனால் மூக்கு தூக்கும். எதிரெதிராக அசைந்தால் பக்கவாட்டில் சாயும். அவற்றை அசைக்க இரண்டு சின்ன சர்வோ மோட்டார், அதோடு சங்கதி முடிந்தது.

உயிர்நாடி எடைமையம்தான். சிறகு நுனிக்கு நுனி 1200 மில்லிமீட்டர். அகலம் நடுவில் 300, நுனியில் 180. கணக்குப் போட்டால் நடுநிலைப் புள்ளி, அதாவது சிறகு ஆடும்போது கூடிக்குறையும் தூக்குவிசை மொத்தமாக விழும் இடம், மூக்கிலிருந்து 189 மில்லிமீட்டரில் வருகிறது. எடைமையம் அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும். நான் 170-இல் வைத்திருக்கிறேன். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, ஆனால் மொத்தக் குணமும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. நடுநிலைப் புள்ளிக்குப் பின்னால் போனால் கையை விட்டதும் மூக்கைத் தூக்கி மல்லாந்துவிடும். ரொம்ப முன்னால் போனால் எலிவான்களை எந்நேரமும் தூக்கியே வைத்திருக்க வேண்டும், வேகம் அதிலேயே போய்விடும். மோட்டார் பின்னால் இருப்பதால் பேட்டரியை மூக்குவரை தள்ளிவிட்டேன். எல்லாம் சேர்த்து 850 கிராம்.

சிறகுக்கு ஃபோம் வெட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். பிளைவுட்டில் சிறகின் குறுக்குவெட்டை அச்சாக அறுத்து ஃபோமின் இரண்டு பக்கமும் ஒட்டி, சூடான நிக்ரோம் கம்பியை அதன்மேல் இழுக்க வேண்டும். நுனிப் பக்கத்து அச்சு சின்னது, அதனால் அங்கே கம்பி மெதுவாகத்தான் நகர வேண்டும். இரண்டு அச்சிலும் ஒன்று முதல் பத்து வரை கோடு போட்டுக்கொண்டோம். நடுப்பக்கம் நான், நுனிப்பக்கம் பெரியவள். அவள் "நாலு... அஞ்சு..." என்று எண்ண, இரண்டு பேரும் அந்தந்தக் கோட்டை ஒரே நேரத்தில் தாண்டினோம். யாராவது ஒரு நொடி நின்றால் அந்த இடத்தில் ஃபோம் உருகிப் பள்ளம் விழுந்துவிடும். அவள் கை என் கையைவிட நிதானம்.

இந்த வடிவத்துக்காக வாழ்நாளையே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஹோர்ட்டன் சகோதரர்கள் 1930களிலேயே வாலில்லா கிளைடர்களைப் பறக்கவிட்டார்கள். அமெரிக்காவில் விமான வடிவமைப்பாளர் ஜாக் நார்த்ராப்பின் வாலில்லா குண்டுவீச்சு விமானமான ஒய்பி-49 1947-இல் பறந்தது, ஆனால் விமானப்படை அதைக் கைவிட்டது. 1989-இல் பறந்த, அதேபோல வாலில்லாத பி-2 குண்டுவீச்சு விமானத்துக்கும் நுனிக்கு நுனி அதே 172 அடி. அதைப் பார்க்க நார்த்ராப் இல்லை, 1981-லேயே போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. இடையில் வந்து சேர்ந்தது கம்ப்யூட்டர்தான். பைலட்டால் சமாளிக்க முடியாத ஆட்டத்தை அது அடக்கிவிடுகிறது.

இன்று அந்த வேலையைச் செய்யும் கம்ப்யூட்டர் போர்டு தீப்பெட்டி அளவில் கிடைக்கிறது. அதில் போட ஆர்டுபைலட் மென்பொருள் இலவசம். ஆனாலும் முதலில் அதை அணைத்து வைத்துத்தான் பறக்கவிட வேண்டும் என்பது என் கட்சி. எடைமையம் தப்பாக இருந்தாலும் போர்டு சமாளித்து மூடி மறைத்துவிடும். என்றைக்காவது காற்று அடிக்கும்போது குட்டு வெளிப்படும். சிறகு தன்னால் நிற்கக் கற்ற பிறகு போர்டு வரட்டும். நான் அப்படித்தான் செய்தேன். அறுவடை முடிந்த கரிசல் காட்டில், மோட்டார் ஓடாமல், சும்மா கையால் வீசினேன். ஆடாமல் அசையாமல் சோளத்தட்டைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய், வயிற்றால் இறங்கி நின்றது. செல்வா, அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் மோட்டாரோடும் பறந்தாயிற்று. புரொப்பெல்லர் பின்னால் சுழல்வதால், கையை விட்டு வெளியே போன பிறகுதான் மோட்டாரை ஓடவிட வேண்டும், விரல் பத்திரம். சட்டம் பற்றியும் கேட்டிருந்தாய். 2021 ட்ரோன் விதிகளின்படி இது 2 கிலோவுக்குள் வரும் மைக்ரோ வகை, பொழுதுபோக்குக்குப் பறக்கவிடப் பைலட் லைசென்ஸ் தேவையில்லை. முன்அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை போகலாம். எனக்கு அதில் பாதியே போதும்.

அடுத்தது 1800 மில்லிமீட்டரில் செய்யப் போகிறேன். இரண்டு பக்கத்து முறுக்கும் அரை டிகிரிகூட வித்தியாசம் இல்லாமல் வர வேண்டும், அதற்கு உன் பட்டறையில் ஒரு அளவுச்சட்டம் கடைந்து தா. படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். அலுமினியத்தில் செய்தால் போதும். பொங்கல் லீவில் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நீயே கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்
கோவில்பட்டி