ஷெட்டுல இருந்து வெளிய வந்த 23 பேருக்காக ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம். நம்ம கடக்கரையில ஒருத்தர ஒருத்தர் எப்படியெல்லாம் கும்பிடுவோமோ அப்படியெல்லாம் சொல்லிக்கிறேன்.

இத எழுதணும் எழுதணும்னு ரெண்டு வாரமா நெனச்சுட்டே இருக்கேன், பகல்ல தையல் மெஷின விட்டு எந்திரிக்க முடியல, ராத்திரி தோப்புக்குப் போயி நாய்களுக்குக் கஞ்சி ஊத்திட்டு வந்தா கண்ணு சொக்கிருது, இன்னைக்கு கடைய அடைச்சுப்போட்டு ஒக்காந்துட்டேன். தெருநாயப் பிடிச்சு அடைச்சு வச்சிருந்த ஷெட்டுல இருந்து முந்தாநாளு கடைசி நாலு நாயும் வெளிய வந்துருச்சு. மொத்தம் பிடிச்சது 34, வெளிய வந்தது 23. அந்த 23-க்கும் பின்னாடி எத்தன பேரு நின்னீகன்னு உங்களுக்கே ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, அதுக்குத்தான் இந்த மடல்.

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவுல எங்க ஊரு. பிடிச்சவுக யாரு, எந்த ஆபீஸுன்னு நான் இங்க எழுதல, எழுதி இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல, அவுகளும் மேல இருந்து வந்த உத்தரவுக்குத்தான் ஓடுனாக. போன 2025 நவம்பர் 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடத்துல இருக்குற தெருநாயெல்லாம் பிடிச்சு, கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, காப்பகத்துல வைக்கணும், திரும்ப அதே இடத்துல கொண்டாந்து விடக்கூடாதுன்னு. சரி. பிள்ளைக படிக்கிற எடம், அதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா காப்பகம்னு சொன்னா எங்க ஊர்ல என்னா இருந்துச்சு? சீமக்கருவேலங் காட்டுக்கு நடுவுல பழைய ஆஸ்பெட்டாஸ் ஷெட்டு ஒண்ணு, தரைல பாதி செமெண்டு பாதி மண்ணு, அது கார்த்திக மழ வேற, 34 நாயும் ஒரே ரூம்ல.

அது எங்க இருக்குன்னு மொதல்ல எங்களுக்குச் சொன்னது குப்ப வண்டியில வர்ற அக்கா. வேலைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும், என் கடை வாசல்ல நின்னு பாவாடைக்கு அளவு குடுக்குற மாதிரி குடுத்துக்கிட்டே மெதுவா சொல்லிட்டுப் போனாக. அக்கா, உங்க பேரப் போடல, ஆனா மொத நன்றி உங்களுக்குத்தான், நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா இதுல எதுவுமே நடந்திருக்காது.

ரெண்டாவது தண்ணி. நம்ம மாவட்டத்துல தண்ணின்னா என்னான்னு வெளியூர்க்காரவுகளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. காவிரித் தண்ணி என்னைக்கு வரும்னு தெரியாது, போர் போட்டா உப்பு, நல்லதண்ணிய கொடம் கொடமா காசு குடுத்துத்தான் வாங்குறோம். அப்படி வாங்கி வச்ச தண்ணியில தெனம் நாலு கொடம் அந்த ஷெட்டுக்குன்னு ஒதுக்குனாக கருவாட்டுக் களத்துல வேல பாக்குற ஒரு அத்தை. அவுக வீட்ல ஏழு பேரு. நாயின்னா தொட மாட்டாக, கிட்ட வந்தா விரட்டுவாக. "தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்க நாய் மேல பிரியம் வேணும்னு இருக்கா"ன்னு கேட்டாக. கம்பி வழியா டியூப் விட்டுத்தான் ஊத்துனோம், உள்ள விடலயே.

அதான் விஷயம், உள்ள விடல. வாட்ச்மேன் கேட்டாக, நீங்க யாரு, எந்த அமைப்பு, என்னா உரிமைன்னு. அவுக மேலயும் தப்பில்ல. நாங்க ஆறு பேரு, ஒரு தையக்காரி, ஒரு ஆட்டோக்காரரு, ரெண்டு காலேஜுப் பிள்ளைக, ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, ஒரு வலை பின்னுறவுக. வருசக்கணக்கா அடிபட்டதத் தூக்கிட்டுப் போயி மருந்து போடுவோம், அவ்வளவுதான். பேப்பர்ல நாங்க ஒண்ணுமே கிடையாது.

அப்பத்தான் பரமக்குடி வக்கீல் தங்கச்சி வந்தாக. ஒரு பைசா வாங்கல. அவுக உக்கார வச்சுச் சொல்லிக்குடுத்தது எனக்கு இன்னும் மனசுல நிக்கிது. 1960-ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒண்ணு இருக்கு, மொதக் குத்தத்துக்கு அபராதம் 10 ரூவால இருந்து 50 ரூவா வரைக்கும், அம்பது ரூவாய்க்கு இன்னைக்கு ஒரு கூறு சூடைமீனு கூட ஒழுங்கா வராது. அந்தச் சட்டத்துக்குக் கீழ 2001-ல ஒரு விதி, ஒவ்வொரு மாவட்டத்துலயும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் வேணும், அதுக்கு வைத்தியசாலையும் காப்பகமும் வேணும்னு. அப்பறம் 2023 மார்ச்சுல வந்த ஏ.பி.சி. விதி, அதாவது பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதி, கருத்தடையும் வெறிநாய் ஊசியும் எப்படிப் போடணும், யாரு கண்காணிக்கணும்னு. நல்லா இருக்குற நாயக் கொல்லக்கூடாதுங்குறது அதுல தெளிவா இருக்கு. ஆனா காப்பகத்துக்குள்ள இருக்குற நாய ஒரு மீட்புக் குழு வந்து "நாங்க பாத்துக்குறோம், குடுங்க"ன்னு கேட்டா குடுத்தே ஆகணும்னு இல்ல. கொல்லாதன்னு சட்டம் இருக்கு, குடுன்னு சட்டம் இல்ல. முன்னாடின்னா ஊசி போட்டு அதே தெருவுல விட்டுருவாக, அது பொழச்சுக்கும். இப்ப இந்த மாதிரி எடத்துல பிடிச்சதத் திரும்ப விடவும் கூடாது. அப்ப அது அங்கயே கெடந்து சாக வேண்டியதுதானா, வெளிய வர ஒரே வாசல் யாராவது வந்து கூட்டிட்டுப் போறதுதான், அந்த வாசலுக்குச் சாவி யாருகிட்டன்னு எழுதி வைக்கலன்னா எப்படி?

இந்தக் கேள்விய நான் போன்ல பொலம்புனப்ப அமெரிக்கால சான் ஓசேல இருக்குற எங்க சித்தி மகன் சொன்னான், அக்கா இங்க அதுக்குன்னே சட்டம் இருக்குன்னு. கலிபோர்னியால 1998-ல டாம் ஹேடன்னு ஒரு செனட்டர் கொண்டாந்தது, ஹேடன் சட்டம்னே பேரு. அதுக்கு முந்தி அங்க காப்பகத்துக்கு வந்த நாய் பூனைய 72 மணி நேரம் வச்சிருந்தாப் போதும், அப்பறம் கொன்னுரலாமாம். இந்தச் சட்டம் அந்த நாளக் கூட்டுச்சு, அதோட கொல்றதுக்கு முந்தி பதிவு பண்ணுன மீட்புக் குழு ஒண்ணு கேட்டுச்சுன்னா குடுத்தே ஆகணும்னும் போட்டுச்சு, தேறவே தேறாதுன்னு துடிக்கிற உசுருக்கு மட்டும் விதிவிலக்கு. நம்ம நெலமையும் அவுக நெலமையும் வேற, அங்க கொல்றத நிறுத்தப் போட்ட சட்டம், நமக்கு அடைச்சு வச்சுச் சாகுறத நிறுத்த வேணும். ஆனா அந்த "கேட்டா குடுக்கணும்"ங்குற ஒரு வரி, அது நமக்கும் வேணும்னு அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணுனோம். தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருந்து ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னியே, நீ நல்லா இருக்கணும்டா.

வக்கீல் தங்கச்சி இன்னொரு பிடியும் கண்டுபிடிச்சாக. 2025 ஆகஸ்டு 22-ல அதே சுப்ரீம் கோர்ட்டு குடுத்த உத்தரவுல, நாயப் பிரியப்படுறவுக தத்தெடுக்க உள்ளாட்சிக்கு மனு போடலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமப் பாத்துக்குறது அவுக பொறுப்புன்னு இருக்கு. அதப் பிடிச்சுக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம மனுநாளுக்குப் போனோம். மூணு திங்கக்கெழம. மூணாவது தடவை மனுவ வாங்குன அந்த மேடம் முழுசாப் படிச்சாக, எந்திரிச்சுப் போயி யாருகிட்டயோ பேசிட்டு வந்தாக, பத்து நாள்ல எழுத்துல பதில் வந்துச்சு. அரசாங்க ஆபீஸ்ல வேல செய்யுறவுகளத் திட்டுறதுக்கு எல்லாரும் இருக்கோம், அதனால இத எழுதியே ஆகணும். ரொம்ப நன்றி மேடம்.

இப்ப கிராம சபை. ஜனவரி 26, குடியரசு தினத்துக் கூட்டம். நாய்க்காக ஒரு தீர்மானமான்னு பாதிப்பேரு மொனங்குனாக. வாத்தியார் எந்திரிச்சு, இந்தியாவுக்கே மிருகவதைத் தடுப்புச் சட்டம் கெடைக்க வழி போட்டது கலாஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல், அந்த அம்மா ராஜ்யசபால தனியா மசோதா கொண்டாந்து பேசித்தான் அரசாங்கம் 1960 சட்டத்துக்கே வந்துச்சு, நம்ம தமிழ்நாட்டுப் பொம்பள ஆரம்பிச்ச வேலைன்னு சொன்னாக. கேட்டாக, ஆனா கை தூக்கல.

அப்ப எந்திரிச்சாக அந்தத் தாயி. போன ஆவணில பள்ளிக்கூட வாசல்ல அவுக மகனத்தான் நாய் கடிச்சுச்சு. ஒம்போது வயசுப் பையன், கெண்டக்கால்ல நாலு பல்லு. சோப்புப் போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிசம் கழுவணும்னு யாரோ சொல்லி, கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, தவணை தவறாம எல்லா ஊசியும் போட்டு, அவுக பட்டது கொஞ்சமில்ல. நாயப் பிடிக்கச் சொல்லி மொத மனு குடுத்ததே அவுகதான். அவுக சொன்னாக, "எம் மவன் வாசல்ல நாய் நிக்கக்கூடாதுன்னுதான் நான் கேட்டேன், அத அடைச்சுப் பட்டினி போட்டுக் கொல்லுன்னு கேக்கல. ஊசி போட்டு வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு ஒருத்தர் வந்தா குடுக்க வேண்டியதுதான, அப்பத்தான் எம் மவனுக்கும் நிம்மதி." சொல்லிட்டு மொதக் கையெழுத்து அவுக போட்டாக. அதுக்கப்பறம் பேனா வரிசையாப் போச்சு. கைநாட்டோட சேத்து 212 பேரு. காப்பகத்துல இருக்குற பிராணிய அங்கீகாரம் உள்ள மீட்புக் குழு கேட்டா ஒப்படைக்கணும், எத்தன வந்துச்சு எத்தன செத்துச்சுன்னு கணக்கு வெளிய ஒட்டணும், இப்படி ஒரு விதி அரசாங்கம் கொண்டுவரணும்னு தீர்மானம். தாயி, நான் உங்க கையப் பிடிச்சு அழுதது ஏன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

கலெக்டர் ஆபீஸ்ல இருந்து அனுமதி வந்த பெறகு வேல பறந்துச்சு. எங்களுக்குப் பதிவு இல்லன்னு மதுரையில இருந்து அங்கீகாரம் பெற்ற ஒரு குழு அவுக பேர்ல பொறுப்பெடுத்துக்கிட்டாக, எங்கள மூஞ்சி கூடப் பாத்ததில்ல. ஊசி மருந்துச் செலவு பூரா கீழக்கரை காக்கா ஒருத்தரு (அண்ணன அங்க அப்படித்தான் கூப்பிடுவாக), துபாய்ல இருந்து, பேரு வெளிய சொன்னா அடுத்த தடவ தரமாட்டேன்னாக, சொல்லல காக்கா. மருந்த 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், கரண்டு போயிட்டா என்னா பண்றதுன்னு முழிச்சப்ப ஐஸ் கம்பெனி அண்ணே மீன் பொட்டி ரெண்ட புதுசாக் கழுவிக் குடுத்தாக, ஐஸு மேல நேரா பட்டா மருந்து உறஞ்சு கெட்டுப்போகும்னு சொன்னதும் நடுவுல சாக்குப் போட்டு அடுக்கிக் குடுத்ததும் அவுகதான். கால்நடை டாக்டரம்மா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து, மழத் தண்ணில நின்னுக்கிட்டு, ஒவ்வொண்ணா கருத்தடை முடிச்சாக. ஆட்டோ அண்ணே சீட்ட கழட்டிப்போட்டு ஓட்டுனாக, வாடக கேட்டதில்ல.

அந்த மூணு பயலுகளையும் சொல்லணும். சூடைன்னு ஒரு பொட்டை, செவலை நெறம், கரையில வல்லம் வந்து சூடைமீனக் கொட்டுனா எங்கிருந்தாலும் ஓடி வரும், அதனால அந்தப் பேரு. மீன்பிடித் தடைக்காலம் வந்தா, ஏப்ரல் 15-ல இருந்து 61 நாளைக்கு விசைப்படகு போகாது, கழிவு மீனு இல்லாம கரையில உள்ள நாயெல்லாம் எலும்பாப் போயி ஊருக்குள்ள வரும், சூடையும் அப்படி வந்துதான் பஸ் ஸ்டாண்டுல தங்கிருச்சு. அதப் பிடிச்சப்ப மூணு குட்டி, கண்ணு தொறந்து அஞ்சாறு நாளுதான் இருக்கும், கவுத்துப்போட்ட பழைய வல்லத்துக்கு அடியில கெடந்துச்சு. எட்டாவது படிக்கிற மூணு பயலுக யாருகிட்டயும் சொல்லாம பஞ்சுல ஆட்டுப்பால நனச்சு நனச்சு வளத்திருக்கானுக, ரெண்டு மாசத்துக்கு மேல. சூடைய வெளிய கொண்டாந்த அன்னைக்கு அதுகள முன்னாடி விட்டோம். அது கொஞ்ச நேரம் மோந்து பாத்துச்சு. பால் வத்திப்போச்சு, குட்டிக ஓடியாடுற அளவுக்கு வளந்துருச்சு, இருந்தாலும் ஒவ்வொண்ணா தலையில இருந்து வாலு வரைக்கும் நக்கி முடிச்சுட்டுத்தான் தண்ணியே குடிச்சுச்சு. கெட்டிக்காரப் பயலுகளா, பரீட்சைக்கும் படிங்கடா.

அஞ்சு செத்துப்போச்சு. மொதப் பத்து நாள்ல, மழைல, டிஸ்டம்பர்ங்குற தொத்து நோயின்னு டாக்டரம்மா சொன்னாக. அதுல ஒண்ணு ஆஸ்பத்திரி வாசல்ல படுக்குற கருப்பு, பிரசவத்துக்கு வர்றவுகளோட கூட வர்ற பாட்டிக எல்லாம் பன்னு போட்டு வளத்தது. கம்பிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். சாவி எங்க கையில இல்ல. அந்த விதி அன்னைக்கே இருந்திருந்தா மறுநாளே அஞ்சையும் தனியாப் பிரிச்சிருப்போம், அத நெனச்சா இப்பவும் தூக்கம் வரல.

வெளிய வந்த 23-ல 14 வீடு சேந்துருச்சு. உச்சிப்புளி, பெரியபட்டினம், பாம்பன், ஒண்ணு தேவிபட்டினம் வரைக்கும். எடுத்தவுக எல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கீக, மாசம் ஒரு தடவ நாங்க வந்து பாப்போம், கோவிச்சுக்காதீக. மிச்சம் ஒம்போது தென்னந்தோப்புல இருக்கு, எடம் குடுத்த மாமாவுக்கு நன்றி, தேங்காய் பறிக்கிற அன்னைக்கு மட்டும் கட்டிப் போடச் சொல்லிருக்காக, கட்டிருவோம்.

ஆறு இன்னும் உள்ளதான் இருக்கு. சொறி ஆறலன்னு டாக்டரம்மா நிறுத்தி வச்சிருக்காக, இப்ப வாட்ச்மேன் அண்ணனே மருந்து போடுறாக, கதவையும் தொறந்து விடுறாக. தீர்மானத்தோட நகல் கலெக்டர் ஆபீஸுக்கும் கால்நடைத் துறைக்கும் போயிருச்சு, பக்கத்து ரெண்டு ஊராட்சில மார்ச் 22 கிராம சபையில இதே தீர்மானம் வைக்கிறோம்னு சொல்லிருக்காக, எழுதுன தாள் என் கடையில இருக்கு, வேணுங்குறவுக வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கங்க.

ஆட்டோ அண்ணே, வெள்ளிக்கெழம சூடைக்குத் தையல் பிரிக்கணும், நாலு மணிக்குத் தோப்புக்கு வந்துருங்க.