மலை மேல வேகாத பருப்பு

அன்பு மல்லிகாவுக்கு,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. உன் மகளுக்கு அக்ரி காலேஜ்ல சீட் கிடைச்ச சேதிய அம்மாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டினேன், அம்மாவுக்கு அம்புட்டு சந்தோஷம், மறுநாள் காலையில திரும்பவும் ஒருக்கா வாசிக்கச் சொன்னாங்க. உன் முட்டி வலி எப்படி இருக்கு? மலை ஏத்த இறக்கத்துல தினம் நடக்குறவ, எண்ணெய் தேய்ச்சே நாளக் கடத்தாத, கீழ இறங்கி ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிரு.

அம்மா மே மாசம் இங்க அமெரிக்காவுக்கு வந்தாங்கன்னு எழுதியிருந்தேன்ல. உண்மையச் சொல்றேன், மொத மூணு மாசம் அவங்களப் பாக்கவே எனக்கு கஷ்டமா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவோம், புள்ளைக அதுக வேலையப் பாக்கும், அம்மா பால்கனியில உக்காந்து கார் நிக்கிற எடத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. எங்க வீட்டு அடுப்பு கண்ணாடி அடுப்பு, கரண்ட்ல ஓடுறது, சூடு வரும் ஆனா தீயே தெரியாது. "தீயப் பாக்காம எப்படிடி சமைக்கிறது"ன்னு ஒரு நாள் கேட்டாங்க, அதுக்கப்புறம் அடுப்பு பக்கமே போறதில்ல. நாப்பது வருசம் ஊருக்கே சமைச்சுப் போட்ட கை அது, உனக்குத் தெரியாததா, எத்தன நாள் எங்க வீட்டு விறகடுப்புப் பக்கத்துல உக்காந்து நீ சுடச்சுட தோச தின்னுருக்க.

இந்த ஆகஸ்ட்ல கலிஃபோர்னியா மலையில இருக்குற செக்கோயா நேஷனல் பார்க்குக்கு மூணு ராத்திரி கேம்பிங் போனோம், லாட்ஜ்போல்ங்கிற எடம், ஆத்தங்கரையிலயே டென்ட் போட்டுக்கலாம். மாசக்கணக்கா முன்னாடியே புக் பண்ணாத்தான் எடம் கிடைக்கும், அவரு மார்ச்லயிருந்து ஆன்லைன்ல காத்துக்கிட்டு இருந்து புடிச்சாரு. எங்க வீட்டுலருந்து கார்ல அஞ்சு மணி நேரம். வழியில ஃப்ரெஸ்னோன்னு ஒரு ஊரு, அங்க வெயிலு 41 டிகிரி, நம்ம மதுர சித்திர வெயிலே தோத்துப் போகும், அங்கருந்து மலை ஏற ஏற குளுருது, ராத்திரி ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டும் பத்தல. அம்மாவால தரையில படுக்க முடியுமான்னு ரொம்பப் பயந்தேன், காத்து அடிச்ச மெத்த ஒண்ணு எடுத்துட்டுப் போனதுல சமாளிச்சாங்க.

போனதும் மொத வேல கரடிப் பெட்டி. ஒவ்வொரு டென்ட் எடத்துக்கும் பெரிய இரும்புப் பெட்டி ஒண்ணு இருக்கு, வாசன அடிக்கிற எதுவா இருந்தாலும் அதுக்குள்ளதான் வைக்கணும், கார்ல வச்சா கரடி கதவையே பிச்சுரும். சாப்பாட்டு சாமான் மட்டுமில்ல, பேஸ்ட், சோப்பு, அம்மாவோட தேங்காண்ணெ பாட்டில், வெத்தலப் பை வரைக்கும் உள்ள போச்சு. வெத்தலப் பையக் குடுக்க அம்மாவுக்கு மனசே வரல. மூணாவது நாளு கிரெசன்ட் மெடோங்கிற புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு கரடி நிக்கிறதப் பாத்தோம், கருங்கரடின்னு பேரு ஆனா நிறம் செம்மண் மாதிரி, அதப் பாத்த பிறகு வெத்தலப் பையத் தானே கொண்டு போய் பெட்டியில வச்சாங்க.

சமையல் கதைக்கு வரேன். விறகு வீட்டுலருந்து கொண்டு போகக் கூடாது, விறகோட பூச்சி வந்து அந்தக் காட்டு மரத்த அழிச்சுரும்னு சொல்றாங்க, அங்கயே கட்டுக் கட்டா வாங்கிக்கணும். இரும்பு வளையம் ஒண்ணு, மேல கம்பி, அதான் அடுப்பு. அவரு அரை மணி நேரம் பேப்பர வச்சு ஊதி ஊதி ஒரே புகை, அம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு சேலையச் செருகிக்கிட்டு வந்து "தம்பி, நீங்க எந்திரிங்க"ன்னாங்க. சிராவெல்லாம் அடியில போட்டு, கட்டைய ஒண்ணோட ஒண்ணு முட்டாம காத்து போற மாதிரி சாய்ச்சு வச்சு, ரெண்டே நிமிஷம், தீ நின்னு எரியுது மல்லிகா. அப்புறம் சாம்பலத் தண்ணியில கொழைச்சு எவர்சில்வர் சட்டிக்கு வெளிப்பக்கமா பூசுனாங்க, இது பிசின் விறகு, இல்லாட்டி கரி விடாதுன்னு. கழுவுறப்ப ஒரே தேய்ல பளிச்சுன்னு வந்துச்சு, நான் மறந்தே போயிட்டேன் இதெல்லாம்.

மொத ராத்திரி கத்திரிக்கா சுட்டாங்க. தீயில போடல, தீ அடங்கி தணலானப்புறம் ஓரமா ஒதுக்கி அதுல பொதைச்சாங்க, காம்புகிட்ட தண்ணி கொதிச்சு சொட்டுச்சுன்னா வெந்துருச்சுன்னு சின்னவகிட்ட காட்டுனாங்க, அவ அந்தக் காம்பையே பாத்துக்கிட்டு அசையாம உக்காந்துருந்தா. தோல உரிச்சு சின்ன வெங்காயம், பச்ச மிளகா, புளி, உப்பு போட்டுப் பிசைஞ்சு, ஃப்ரோசன் பரோட்டாவ தோசைக்கல்லுல சுட்டு அதோட சாப்பிட்டோம். தீயில சுட்டுத் திங்க மார்ஷ்மெல்லோ மிட்டாய் வாங்கிட்டுப் போனது பிரிக்கவே இல்ல.

மறுநாள் சாம்பார் சாதம்னு அம்மா பருப்பு போட்டாங்க. தளதளன்னு கொதிக்குது, ரெண்டு மணி நேரம் ஆச்சு, துவரம்பருப்பு பருப்பாவே நிக்குது. அம்மா மொகம் வாடிருச்சு, பருப்பு பழசு போலன்னாங்க, விறகு சரியில்லன்னாங்க. பெரியவந்தான் சொன்னான், அம்மாச்சி, நாம இருக்கறது 6,700 அடி, இங்க காத்தோட அழுத்தம் கம்மி, தண்ணி 100 டிகிரி வரைக்கும் போகாது, 93லயே கொதிச்சுரும், எவ்வளவு தீய ஏத்துனாலும் அதுக்கு மேல சூடு ஏறாதுன்னு. அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப ஆவியக் கட்டிப் போடணும்"னு சொல்லி, மாவு பிசைஞ்சு மூடிய ஒட்டி, மேல பெரிய கல்லத் தூக்கி வச்சாங்க. குக்கர் அளவுக்கு வராதுதான், ஆனா இன்னொரு மணி நேரத்துல நசுக்குற பதத்துக்கு வந்துருச்சு. படிக்காத மனுஷி, சொன்னதும் புடிச்சுக்கிட்டாங்க பாரு, எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

ஜெனரல் ஷெர்மன்னு பேரு வச்ச ராட்சச செக்கோயா மரத்தையும் பாத்தோம், 275 அடி உசரம், ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல வயசு. 2021ல அங்க பெரிய காட்டுத்தீ வந்தப்ப அந்த மரத்தோட அடியத் தீ தாங்குற அலுமினிய விரிப்பால சுத்திக் காப்பாத்தியிருக்காங்க. அந்த ஜாதி மரத்தோட காய் கோழிமுட்ட அளவுதான், பச்சையாவே வருசக்கணக்கா மூடிக்கிட்டு மரத்துலயே இருக்கும், கீழ தீ எரிஞ்சு அந்த அனல் பட்டுக் காஞ்சாத்தான் பெரும்பாலும் வாயத் தொறந்து விதையக் கொட்டும், விதைக்கும் சாம்பல் மண்ணுதான் தோதாம். ஆனா அளவான தீ வேணும், இப்ப வர்ற தீ பெரிய மரத்தையே கொன்னுருது, கருகி நிக்கிற மரங்களக் கண்ணால பாத்தேன், பேசவே முடியல. அம்மா ஒரு கருகுன மரத்து மேல கைய வச்சு ரொம்ப நேரம் நின்னாங்க. அன்னைக்கு ராத்திரி எங்க அடுப்புத் தணல்ல தண்ணி ஊத்தி, கிளறி, திரும்ப ஊத்தி, புறங்கையால தொட்டுப் பாத்து சூடு இல்லன்னு தெரிஞ்சப்புறந்தான் தூங்க வந்தாங்க.

அக்டோபர்ல அம்மா ஊருக்கு வர்றாங்க, வந்ததும் கொடைக்கானலுக்கு உன்னப் பாக்க வரணும்னு இப்பவே சொல்லிட்டாங்க. நீயும் 7,000 அடியிலதான இத்தன வருசமா குடும்பம் நடத்துற, குக்கர் இல்லாத காலத்துல உன் மாமியா அங்க துவரம்பருப்ப எப்படி வேக வச்சாங்க, எவ்வளவு நேரம் ஊற வைப்பாங்க, எண்ணெய் ஏதும் விடுவாங்களான்னு கேட்டு எழுதச் சொன்னாங்க. தினமும் கேக்குறாங்க, மறக்காம எழுது.

உன்
சாந்தி