வேகம் அளக்கும் கருவிக்கும் முத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசை வருடம் தவறாமல் முத்திரை போட எடுத்துப் போகிறேன். முத்திரை ஆய்வாளர் எடைக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்து, சரியாக இருந்தால்தான் சான்றிதழ் தருவார். அதை வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி கடையில் மாட்டி வைக்க வேண்டும். பெட்ரோல் பங்கிலும் அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். சாலையோரம் காவலர் கையில் இருக்கும் ஸ்பீடு கன்னும் ஓர் அளவைக் கருவிதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மண்டியிலிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குட்டியானையில் வந்துகொண்டிருந்தேன். புறவழிச்சாலைப் பாலத்தின் ஏற்றம். வண்டி பழையது, பாரமும் அதிகம். பாலத்தின் மேல் ஏறும்போது வலப்பக்கம் ஒரு கார் என்னைத் தாண்டிப் போனது. இறங்கியதும் புளியமரத்தடியில் நின்ற காவலர் கை காட்டி நிறுத்தினார். அங்கே 50தான் போகலாம், நான் 71ல் வந்ததாகச் சொன்னார். “சார், அந்தக் கருவியைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்றேன். காட்டவில்லை. நிறுத்திய வண்டியின் நம்பர் பிளேட்டை செல்போனில் படம் எடுத்தார், 1,000 ரூபாய்க்கு ரசீது வந்தது. ரசீதில் இருப்பது ஓரம் கட்டி நின்ற வண்டியின் படம். எந்தக் கருவி, அதன் எண் என்ன, எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

பணம் போனது பெரிய விஷயமில்லை. 71 என்பது என் வண்டியின் வேகமா, என்னைத் தாண்டிய காரின் வேகமா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

விசாரித்துப் படித்ததில் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கையில் பிடிக்கும் கருவிகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ரேடார். எதிரே வரும் ரயிலின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சத்தம் இறங்கிக் கேட்கும் அல்லவா, அதே தத்துவம்தான். வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் அந்த அலை டார்ச் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டே போகும். 300 மீட்டர் தள்ளி அது சாலை முழுவதையும் மூடிவிடும். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் வந்தால், திரையில் வந்த எண் யாருடையது என்று காவலர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று லேசர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பிவர எடுக்கும் நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடும். தூரம் எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து வேகம் கிடைக்கும். 300 மீட்டரில் அதன் கற்றை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும். ஆகவே எந்த வண்டி என்ற குழப்பம் குறைவு. என்னை அளந்தது இதில் எது என்பதையும் யாரும் சொல்லவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவலர் ஓரமாகச் சாய்ந்த கோணத்தில் நின்று அளந்தால் கருவி உண்மை வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். 60ல் வரும் வண்டி பத்து டிகிரி கோணத்தில் 59 என்று பதிவாகும். லாபம் ஓட்டுநருக்குத்தான். ஆனால் கருவி பழுதாக இருந்தாலோ தவறாகக் குறி வைத்தாலோ அந்த லாபம் உதவாது. 1979ல் அமெரிக்காவின் மயாமியில் ஒரு ரேடார் கன் அசையாமல் நின்ற பனை ஒன்று மணிக்கு 86 மைல் வேகத்தில் போவதாகக் காட்டியது. அங்கே நீதிமன்றமே ரேடார் சாட்சியத்தை ஏற்க மறுத்தது. இன்றைய கருவிகள் எவ்வளவோ மேல். ஆனாலும் சோதித்துப் பார்த்த பிறகுதான் அதை நம்ப முடியும்.

வேகத்தைப் பிடிப்பதே வசூலுக்காகத்தான் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். என் கடைக்கு எதிர்வீட்டுப் பையன் பைக்கில் வேகமாகப் போய்ச் செத்தவன். அவன் அம்மா இன்றைக்கும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். 2022ல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தால் இறந்தவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த வருடம் 64,105 விபத்துகளோடு, விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் இடம். 40லிருந்து 60க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் மோதும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. சென்னையில் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லோருக்கும் 30 என்று வைத்ததை மனதார வரவேற்கிறேன். பள்ளிக்கூடத்து வாசலிலும் ஊர் விலக்கிலும் தினமும் அளக்கட்டும்.

ஆனால் மரத்தின் பின்னால் நின்று அளப்பதில் என்ன பயன்? காவலரைத் திடீரென்று பார்த்தவர் சட்டென்று பிரேக் போடுகிறார், பின்னால் வருபவர் தடுமாறுகிறார். எதிரே வருபவர்கள் லைட் அடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். 200 மீட்டர் தாண்டியதும் பழைய வேகம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் சேர்த்த 167ஏ என்ற விதி இதற்கு வழி சொல்கிறது. கண்காணிக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். செலானில் குற்றத்தின் படமும் கருவி காட்டிய அளவும் இருக்க வேண்டும். 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். நான் நிறுத்தப்பட்ட இடத்தில் கண்காணிப்புப் பலகை எதுவும் இல்லை. மறுநாள் பைக்கில் திரும்பிப் போய்ப் பாலத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்புறம், 2025 ஜூலை 1 முதல் வேகம் அளக்கும் ரேடார் கருவிகளையும் எடையளவுச் சட்டத்தின் கீழ் சோதித்து முத்திரை போட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விதி கொண்டுவந்திருக்கிறது. என் தராசுக்கு இருக்கும் அதே சட்டம். விதியின் தலைப்பில் ரேடார் என்றே இருக்கிறது. லேசர் கருவிக்கும் அதே கண்டிப்பு வேண்டும். முத்திரை எண்ணையும் அதன் கடைசித் தேதியையும் செலானிலேயே அச்சடித்துவிட்டால் ரோட்டில் நின்று வாக்குவாதம் செய்ய அவசியமே இருக்காது. வெயிலில் நிற்கும் காவலருக்கும் அது பாதுகாப்பு. ஓடும்போதே வண்டியையும் வேகத்தையும் சேர்த்துப் படம் எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் அந்தக் காவலர் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

அபராதத்தைக் கட்டிவிட்டேன். அன்றைக்கு என்னை அளந்த கருவியின் முத்திரைச் சான்றிதழைக் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவும் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் அதன் நகலை உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடை நடத்தும் ஒரு வாசகர்