தொடாத தட்டுக்குக் காசு வாங்குவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில் மேற்குச் சுமத்ராவின் பாடாங் சாப்பாட்டைப் பற்றி எழுதியவர், "கேட்காத பதார்த்தங்களை மேசை நிறையப் பரப்பி, கடைசியில் பணம் பறிக்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தப் பகுதியின் மினாங்கபாவ் இன மக்கள் ஊர் ஊராகப் பிழைக்கப் போன இடமெல்லாம் கொண்டுபோய், இந்தோனேசியா முழுவதும் நாணயமாக நடத்திவரும் ஒரு தொழிலுக்கு விசாரணையே இல்லாமல் மோசடிப் பட்டம் கட்டுவது தங்கள் இதழுக்கு அழகா?

அங்கே வழக்கம் என்னவென்று தாங்கள் அறியாததல்ல. பரிமாறுபவர் ஒரு கையிலேயே முழங்கைக்கு மேல்வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, ஒன்றுகூடச் சரியாமல் மேசையில் இறக்கிவைப்பார். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டுமே காசு. தொடாத தட்டு உள்ளே திரும்பிவிடும்.

மேற்குச் சுமத்ராவின் புக்கிட்டிங்கி நகரில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய உணவகத்தில் நானும் என் மனைவியும் சாப்பிட்டோம். ரெண்டாங் என்னும் இறைச்சிப் பண்டம், மிளகாய் அரைத்துப் பூசிய மெல்லிய மாட்டிறைச்சி வறுவல், மீன் குழம்பு, மூளைக் குழம்பு, முட்டை, அவித்த மரவள்ளிக் கீரை என்று மேசையில் கை வைக்க இடமில்லை. ரெண்டாங் தட்டில் இருந்த இரண்டு துண்டுகளில் ஒன்றைத்தான் நான் எடுத்தேன். என் மனைவி சைவம் என்பதால் சோறும் கீரையும் போதும் என்றார். பச்சை மிளகாய்ச் சம்பல் என்னும் துவையலில் கருவாடு கலந்திருப்பதாகப் பரிமாறிய இளைஞரே சைகையால் சொல்லி அதை அப்பால் நகர்த்தி வைத்தார். முடிவில் பெரியவர் ஒருவர் வந்து தட்டுகளை ஒருமுறை நோட்டம் விட்டு, துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கூட்டினார். அதில் ரெண்டாங் ஒரு துண்டு என்றுதான் இருந்தது. மூளைக் குழம்பு அந்தச் சீட்டிலேயே இல்லை.

கட்டுரையோடு வெளியான படமும் பாடாங் உணவகத்துப் படம் அல்ல. மெழுகுவர்த்தி வைத்த சூடேற்றிகளின் மேல் சிறு கிண்ணங்களை வரிசையாக அடுக்கும் அந்த ஏற்பாட்டை ஆம்ஸ்டர்டாமிலும் ஹேக் நகரிலும் காணலாம். அதற்கு ரைஸ்டாஃபல் என்று பெயர். டச்சு ஆட்சிக் காலத்தில் பத்தாவியாவின் (இன்றைய ஜகார்த்தா) ஓட்டல் டெஸ் இன்டஸ் போன்ற இடங்களில், பணியாட்கள் ஆளுக்கொரு பதார்த்தம் ஏந்தி வரிசையாக வந்து வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறிய ஆடம்பரத்தின் மிச்சம் அது. நெதர்லாந்தின் அந்த விருந்துக்குத்தான் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்து, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முழுத் தொகையையும் வாங்குகிறார்கள். ஆண்ட பரம்பரையின் விருந்துப் படத்தைப் போட்டு, ஆளப்பட்டவர்களின் கடையை ஏமாற்றுக்கடை என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் வலிக்காது?

இது முதல் முறையும் அல்ல. முன்பொரு முறை ரெண்டாங்கைத் தண்ணீர்க் குழம்பு என்று எழுதியிருந்தீர்கள். தேங்காய்ப் பாலில் மணிக்கணக்காகக் கிளறி, பால் வற்றி, கசிந்த எண்ணெயிலேயே இறைச்சி கருகருவென்று வறுபடும் பண்டம் அது, நாள்கணக்கில் கெடாது. அப்போது நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. தங்கள் வாசகர்களில் சைவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பயணப் பக்கம் எந்த நாட்டுக்குப் போனாலும், அவர்கள் அங்கே என்ன சாப்பிடலாம் என்று ஒரு வரி எழுதுவதில்லை. இதையும் பலமுறை சொல்லியாயிற்று.

அடுத்த இதழில், தொடாத தட்டுக்குக் காசு கிடையாது என்றும், படம் நெதர்லாந்தில் வழங்கும் விருந்தைக் காட்டுவது என்றும் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், சைவர்கள் சம்பலிலும் பலாக்காய்க் குழம்பிலும் கருவாடோ இறைச்சியோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
திருச்சி