புதிய கடைகளைத் தடுக்கும் தீர்மானம் வேண்டாம்: எங்கள் வணிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையத்துக்கு எதிரே பேக்கரி நடத்தும் உங்கள் உறுப்பினர் எழுதுகிறேன். அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்போகும் தீர்மானத்தின் வரைவைப் படித்தேன். கடைவீதியில் ஏற்கெனவே நடக்கிற தொழிலை இன்னொருவர் தொடங்குவதென்றால் சங்கத்திடம் ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். கடிதம் இல்லாதவருக்குக் கட்டடக்காரர்கள் கடையை வாடகைக்கு விடக் கூடாது. டீ, பன், பப்ஸ் விலையைச் சங்கமே முடிவு செய்யும், அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. இந்த மூன்றையும் கைவிடும்படி கேட்கத்தான் இந்த மடல்.

என் கடைக்குப் பக்கத்தில் புதிய பேக்கரி வரப்போகிறது என்ற பேச்சில்தான் இந்தத் தீர்மானமே கிளம்பியது. என்மேல் உள்ள அக்கறையில் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு நன்றி. ஆனாலும் இந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம்.

நம் பக்கத்து ஊர்களையே பாருங்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு வெளிமாநில வியாபாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்குவது ஏன்? ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான கடைகள் ஒரே மாதிரிச் சரக்கை வைத்திருப்பதால்தான். ஒரு கடையில் படியாவிட்டால் அடுத்த கடை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள். ஒரேயொரு கடை இருந்தால் யார் வருவார்கள்? சென்னையில் ரிச்சி தெருவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ஆட்கள் போவதும் அப்படித்தான். அங்கே பத்துக்குப் பத்து கடை வைத்திருப்பவர் தனியாக விளம்பரம் செய்து இந்தக் கூட்டத்தைக் கூட்ட முடியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அவருக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய லாபம் கடைக்குப் பின்பக்கம் இருக்கிறது. அதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. நம் ஊரில் பேக்கரிகள் இரண்டு மூன்றாக இருந்த காலத்தில் மைதாவும் வனஸ்பதியும் கொண்டுவர ஒரே ஏஜென்சிதான். அவர் சொன்ன விலை, அவர் வரும் நாள், கையில் ரொக்கம். ஓவன் பழுதானால் கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் வரும்வரை உற்பத்தி நின்றுவிடும். கடைகள் கூடிய பிறகு சப்ளையர்கள் பலர் வந்தார்கள். ஒருவர் ஒரு வாரம் கடன் கொடுத்தால் இன்னொருவர் பத்து நாள் கொடுக்கிறார். ஓவன் மெக்கானிக் உள்ளூரிலேயே குடியேறிவிட்டார். பால், ஈஸ்ட், கேக் டப்பா எல்லாவற்றிலும் இதே கதைதான். எங்களுக்குள் போட்டி இருப்பதால் எங்களிடம் விற்கிறவர்களுக்குள்ளும் போட்டி வந்தது. சிறிய கடைக்காரர் விற்பவர் மட்டுமல்ல, நாள் தவறாமல் வாங்குபவரும்கூட. கடைகளைக் குறைத்தால், நமக்குச் சரக்கு தருகிறவர்களும் குறைந்துபோவார்கள்.

திருப்பூர் இதற்குப் பெரிய சாட்சி. நிட்டிங், சாயம், துணி பிறகு சுருங்காமல் இறுக்கும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டுகள் அங்கே உண்டு. ஒவ்வொன்றிலும் போட்டியும் உண்டு. அதனால்தான் சில தையல் மெஷின்களோடு ஒருவர் பனியன் தொழிலில் இறங்க முடிகிறது. மற்ற வேலையெல்லாம் வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் சொந்தமாக மெஷின் போட்டால்தான் தொழில் என்ற நிலை இருந்திருந்தால், தொழிலாளியாக இருந்து முதலாளி ஆனவர்கள் அந்த ஊரில் இத்தனை பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

1990இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் உறுப்பினர்கள் ஒரே பையரின் ஆர்டருக்காக ஒருவரோடொருவர் முட்டிக்கொள்பவர்கள். அவர்களே சேர்ந்து ஆயத்த ஆடைப் பூங்கா கொண்டுவந்தார்கள், நிட்வேர் படிப்புக்குக் கல்லூரி அமைத்தார்கள், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்திலும் கைகோத்தார்கள். கோவை வெட் கிரைண்டரும் அப்படித்தான். 1955இல் ஒருவர் உருவாக்கிய இயந்திரத்தைப் பார்த்துப் பலர் செய்ய இறங்கினார்கள். அந்தப் போட்டியில்தான் குழவியைத் தூக்காமல் மாவெடுக்கச் சாய்க்கும் கிரைண்டர் வந்தது, பிறகு மேஜைமேல் வைக்கும் சின்ன கிரைண்டர் வந்தது. அந்த உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, இந்த ஊர்ப் பொருள் என்று சட்டப்படி உறுதி செய்யும் புவிசார் குறியீட்டை வாங்கினார்கள். நம் சங்கத்துக்கு இவர்கள்தான் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

போட்டியால் வலி இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னிடம் வேலை பார்த்த கேக் மாஸ்டரை இன்னொரு கடைக்காரர் அட்வான்ஸ் கொடுத்து அழைத்துக்கொண்டார். தீபாவளி நேரம். அந்த மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு இந்த ஊர் மாஸ்டர்களின் சம்பளம் ஏறியது, வாரம் ஒருநாள் லீவு வழக்கமானது, தங்கும் அறைக்கு ஃபேன் வந்தது. எனக்குச் செலவு கூடியது உண்மை. ஆனால் இப்போது ஆட்கள் மாதாமாதம் மாறுவதில்லை, சரக்கின் தரம் நிலையாக இருக்கிறது. நம் கடைகளில் உழைப்பவர்களுக்கு நாம் ஒருவருக்கொருவர் போட்டியாக இருப்பதைத் தவிர வேறு பேரம் பேசும் பலம் என்ன இருக்கிறது? இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நம்மில் பலரும் யாரோ ஒருவர் கடையில் வேலை பார்த்துவிட்டு அதே தெருவில் தனிக்கடை போட்டவர்கள்தான். அன்று நம் முதலாளிகளிடம் இப்படி ஒரு தீர்மானம் இருந்திருந்தால் இன்று இந்தச் சங்கத்தில் பாதிப் பேர் உறுப்பினராகவே இருக்க முடியாது.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, தொழில் சங்கங்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பதையும் சந்தையைக் கட்டுப்படுத்துவதையும் நேரடியாகத் தடுக்கிறது. மருந்து வணிகர் சங்கங்கள், தங்களிடம் தடையின்மைச் சான்று வாங்காதவருக்கு மருந்து கம்பெனிகள் ஸ்டாக்கிஸ்ட் உரிமை, அதாவது மொத்த விநியோக உரிமை, தரக் கூடாது என்று வைத்திருந்த வழக்கத்தை இந்தியப் போட்டி ஆணையம் சட்டவிரோதம் என்று சொல்லி அபராதம் போட்டது. ஒருமுறை இல்லை, பல வழக்குகளில். சில வழக்குகளில் நிர்வாகிகளுக்குத் தனிப்பட்ட முறையிலும் அபராதம் விழுந்தது. நம் வரைவில் இருக்கும் ஒப்புதல் கடிதத்துக்கும் அதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கையெழுத்துப் போடப்போகிறவர்கள் நீங்கள் என்பதால் கவலையோடு சொல்கிறேன்.

அப்படியென்றால் யார் எப்படி வந்தாலும் சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. பெரிய முதலீட்டை வைத்துக்கொண்டு, அடக்க விலைக்கும் கீழே விற்று, சிறியவர்கள் மூடும்வரை நஷ்டத்தைத் தாங்குவது வேறு விஷயம். ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் அப்படிச் செய்வதை அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு தடுக்கிறது. பத்து நிமிட டெலிவரி நிறுவனங்களின் தள்ளுபடியை எதிர்த்து நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024இல் போட்டி ஆணையத்துக்குப் போனது. அதற்கு முன்பே உணவக உரிமையாளர்களின் தேசிய அமைப்பு ஜொமாட்டோ, ஸ்விக்கி மீது கொடுத்த புகாரில் 2022இல் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த இரண்டு ஆப்களின் கமிஷனைப் பற்றி நம் கூட்டத்தில் புலம்பாதவர் இல்லை. அங்கே நமக்கு வலிப்பது போட்டி இருப்பதால் அல்ல, போதாததால். மூன்றாவதாக, நான்காவதாக ஆட்கள் வந்தால்தான் கமிஷன் இறங்கும். பெரியவர்களிடம் போட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நம் தெருவில் மட்டும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் நம் புகாரை யார் மதிப்பார்கள்?

ஆகவே மூன்று அம்சங்களையும் பொதுக்குழுவுக்கு முன்பே திரும்பப் பெறுங்கள். அந்த இடத்தில் நாம் எடுத்துச் செய்ய எவ்வளவோ வேலை கிடக்கிறது. கடைவீதியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. வண்டி நிறுத்த இடமில்லாமல் வாடிக்கையாளர்கள் பைபாஸ் ரோட்டுப் பக்கம் போய்விடுகிறார்கள். மைதாவும் சர்க்கரையும் சேர்ந்து வாங்கினால் சின்னக் கடைகளுக்கும் மொத்த விலை கிடைக்கும். ஆன்லைன் ஆப்களிடம் பேசுவதற்கும் வழக்குப் போடுவதற்கும் ஒரு வழக்கறிஞரைச் சங்கச் செலவில் வைக்கலாம். இவற்றில் எதைக் கையில் எடுத்தாலும் என் பங்குப் பணத்தையும் நேரத்தையும் தரத் தயாராக இருக்கிறேன்.

புதிதாக வருபவரின் கடைத் திறப்பு விழாவுக்குச் சங்கத்தின் சார்பில் மாலையோடு போவோம். உறுப்பினர் படிவத்தையும் அன்றே கொடுத்துவிடலாம், நான் முன்மொழிகிறேன்.

இப்படிக்கு,
கடைவீதி பேக்கரி உரிமையாளர்களில் ஒருவன்